எர்த் போடுதல்

வியாழன் பின்னேரம், உவர்மலையில்
பாடசாலை மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே
பதினொரு பேர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறோம்.
மீன் ஏலம் கூறும் ஸ்ரெல்லா அக்கா,
கணக்குப் படிப்பிக்கும் நஸீஹா ரீச்சர்,
சீமெந்து ஆலையில் இரவு வேலை முடித்த ஒருவர், குறட்டையோடு.
நான் மின்சார சபை. லைன்மன்.
இருபத்திரண்டு வருசம்.

"உடம்பில் சக்தி ஓடுகிறது,
ஓரிடத்தில் தேங்கினால் மனம் கலங்கும்" என்கிறார்
வகுப்பெடுக்கும் தாதி குணமலர்.
எனக்குச் சிரிப்பு.
சக்தி ஓடுவதை எனக்கா சொல்லித் தருகிறீர்கள், மிஸ்ஸி?
மூன்று பேஸிலும் லோட் சரியாகப் பிரியாவிட்டால்
நியூட்ரல் கம்பி சுடும்.
தொடத் தேவையில்லை, மணத்திலேயே சொல்லிவிடுவேன்.

என் வீட்டில் நியூட்ரல் கம்பி என் மகள்.
எனக்குள் ஏறியதெல்லாம் ஆரபியில் போய் இறங்கியது:
கோப்பை உடைந்ததற்கு,
ரியூஷனால் பிந்தி வந்ததற்கு,
ஒன்றுக்குமே இல்லாததற்கு.

போன ஐப்பசி, நிலாவெளியில், கொட்டும் மழைக்குள்
டெஸ்மன் கம்பத்தில் ஏறினான்.
கீழே நின்று "ஓஃப்!" என்று கத்தியது நான்.
ஓஃப்தான்.
இழுத்த ஃபியூஸ் என் சட்டைப் பைக்குள் கிடந்தது.
ஆனால் எந்த ஹோட்டலோ, எந்த ஜெனரேற்றரோ,
பின்பக்கத்தால் கம்பிக்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டிருந்தது.
எர்த் போட்டிருந்தால் மண்ணுக்குள் போயிருக்கும்.
மழை. அவசரம். போடவில்லை.

விசாரணை அறிக்கை பழியை மழையில் போட்டது.
என் கைக்கு வாசிக்கத் தெரியாது.
அது நடுங்கிக்கொண்டே இருந்தது,
தேத்தண்ணிக் கோப்பையிலும், சட்டைப் பொத்தானிலும்,
இரவு மூன்று மணிக்குப் போர்வை விளிம்பிலும்.

"பாதத்தை நிலத்தில் வையுங்கள்.
மூச்சு வெளியே போகும்போது பாரம் காலால் இறங்கட்டும்."
செருப்பைக் கழற்றினேன். சீமெந்துத் தரை, குளிர்.
முதல் கிழமை ஒன்றும் இறங்கவில்லை.
இரண்டாம் கிழமை நித்திரை.
மூன்றாம் கிழமை போகவேயில்லை, பொய் சொன்னேன், கோல் வந்ததென்று.
நான்காம் கிழமை,
வெளியே மானொன்று பாண் பையைச் சரசரவென்று
இழுத்துக்கொண்டிருந்த நேரம்,
மூச்சொன்று தானாகவே நீண்டு போனது.
நெஞ்சில் நின்றது வயிற்றுக்கு,
பிறகு முழங்காலுக்கு,
பிறகு தரைக்குள்.
ஓ, இதைத்தானா சொன்னார்கள்.
செத்த வீட்டில் அழாத அழுகை அப்போது வந்தது.
ஸ்ரெல்லா அக்கா கண் திறக்காமலே
தன் லேஞ்சியை நீட்டினார்.
வாளை மீன் மணம்.

டெஸ்மன் திரும்பி வரவில்லை.
சில இரவுகளில் இன்னும் ஏறுகிறான்,
நான் இன்னும் "ஓஃப்" என்கிறேன்.
ஆனால் விழித்ததும் இப்போது காலைத் தரையில் ஊன்றி
விடியும்வரை மூச்சு எண்ணத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆரபியைக் கன்னியாவுக்குக் கூட்டிப் போனேன்.
கிணறு ஏழு; ஏழும் ஏழு சூடு.
ஒவ்வொன்றிலும் விரல் விட்டுப் பார்த்தாள்:
"இது கொதிக்குது. இது பரவாயில்லை. இது அப்பா மாதிரி."
எது என்று நான் கேட்கவில்லை.
ஏழையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவர
அங்கே ஒருவரும் மினக்கெடவில்லை.

குனிந்திருந்த என் தலையில்
சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாளி ஊற்றினாள்.
ஊற்றிவிட்டு,
பழக்கத்தில், ஓரடி பின்னுக்குப் போனாள்.

ஈரக் கல்லில் பாதத்தை அழுத்தினேன்.
உள்ளே ஏறியது, நின்றது, இறங்கியது.
"மற்றக் கிணற்றிலும் ஒரு வாளி அள்ளு," என்றேன்.
அவள் உடனே அள்ளவில்லை.
என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.