நீலப் பிளாஸ்திரி

வரிசையில் பதினோரு வருஷம் நின்று மீன் அறுத்தவள்
கத்தியை வைத்துவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டபோது
ஸ்டெய்னுனுக்கு நாற்பத்திரண்டு வயது.
ஐஸ்லாந்தின் மேற்கோரம்.
மலை மறித்துக்கொள்வதால்
குளிர்காலத்தில் வாரக்கணக்கில்
சூரியன் எட்டிப்பார்க்காத ஊர்.

முதல் வாரமே ஒன்றைக் கவனித்தாள்:
காபி அறைக் கதவைத் திறந்தால்
பேச்சு நின்றுவிடுகிறது.
கெண்டி மூச்சுவிடுவது மட்டும் கேட்கும்.
போகுமில் கோப்பையின் அடியைப் பார்ப்பான்.
மெர்லிண்டா சிரிப்பை மடித்து
மேலங்கிப் பையில் வைத்துக்கொள்வாள்.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள்:
"மரியாதை கொடுக்கிறார்கள்."
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன்
"ம்" என்றான்.
அந்த "ம்" அவளுக்குப் பிடிக்கவில்லை.

மேலாளர் என்கிறோம் நாம்.
அந்தச் சொல்லில் அவளுக்கு அப்போது
"மேல்" மட்டும்தான் கேட்டது.
"ஆள்" எங்கோ கீழே
ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தது.

பெல்ட்டின் வேகத்தை ஒரு புள்ளி ஏற்றினாள்.
யாரும் முணுமுணுக்கவில்லை.
இன்னொரு புள்ளி.
ம்ஹூம்.
தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது
இரண்டு ஆச்சரியக்குறி போட்டு.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை,
கையுறைகளைக் கழற்றிப்போடும் நேரத்தில்
போகுமிலின் இடக்கை ஆள்காட்டி விரலில்
நீலப் பிளாஸ்திரி.

மீனில் விழுந்தால் கண்ணில் படட்டும் என்றுதான்
அதற்கு அந்த நிறம்.
மீனிலிருந்தால் ஒரு நொடியில் பார்த்திருப்பாள்.
மனிதன் விரலில் மூன்று நாளாக இருந்திருக்கிறது.

"எப்போது?"
"வெள்ளிக்கிழமை."
"ஏன் சொல்லவில்லை?"
போலிஷில் யோசித்து
அவள் மொழியில் துழாவி
"நீங்கள் கேட்கவில்லை" என்றான்.
குற்றம் சொல்கிற குரலே இல்லை.
நாளைக்குக் காற்றடிக்கும் என்று சொல்கிற குரல்.

அன்றிரவு தன் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாலு தையல்.
அவளும்தான் அப்போதைய மேலாளரிடம் சொல்லவில்லை.
பூனை கீறியதென்றாள்.
அவளிடம் பூனை கிடையாது.

மறுநாள் காபி அறை.
படம் போட்டுக் காட்டவில்லை, தாள் விநியோகிக்கவில்லை.
"நவம்பரில் நாலு தொட்டி மீன் கெட்டதே,
வெப்பமானி பழுதென்று எழுதினேன்.
பழுதில்லை.
குளிரறைக் கதவை நான் சரியாகச் சாத்தவில்லை."

யாரும் கைதட்டவில்லை.
க்ரஜீனா சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்,
கரைந்து வெகுநேரமான சர்க்கரையை.
பிறகு மெர்லிண்டா, சுவரைப் பார்த்து:
"மூன்றாம் மேசை இரண்டு விரற்கடை உயரம்.
ராத்திரி என் தோள் தூங்கவிடுவதில்லை."

"சாணைக்கல் தேய்ந்து பிறையாகிவிட்டது."
"கழிப்பறைத் தாழ்ப்பாள்."
"பெல்ட்."
அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு எல்லோரும்
அவளைப் பார்த்தார்கள்.
முதல்முறையாக, நேராக.

ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள், இடம் போதவில்லை.
சனிக்கிழமை ரம்பம் கொண்டுவந்து
மேசைக்கால்களைத் தானே அறுத்தாள்.
முதலில் கோணல், பிறகு சரி.
பெல்ட் ஒரு புள்ளி இறங்கியது;
இன்னொன்றுக்குத் தலைமையகத்தோடு
இன்னும் மல்லுக்கட்டுகிறாள்.
அங்கிருந்து வரும் கடிதங்களில்
இப்போது ஆச்சரியக்குறி இல்லை.

தோர்கிரிமுர் மட்டும் பேசுவதில்லை.
அந்தச் சாவிக்கொத்துக்கு
அவனும் காத்திருந்தவன்.
அதற்கு அவளிடம் மருந்தில்லை.
தினமும் அவன் முதுகுக்கு
ஒரு காலை வணக்கம் சொல்கிறாள்.

மலைக்கு மேலே சூரியன் திரும்பிய நாள்.
ஊர் வழக்கப்படி
தோசை மெலிவில் அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு
தோளால் கதவைத் தள்ளினாள்.

பேச்சு நிற்கவில்லை.

"கழுநீர் மாதிரி இருக்கிறது,
எந்தப் புண்ணியவான் வாங்கிய காபி?"
"நான்தான்" என்றாள்.
"அதானே பார்த்தேன்" என்றபடி
க்ரஜீனா காலால் ஒரு நாற்காலியை
அவள் பக்கம் தள்ளினாள்.