எட்டுத் துளை

மைக்கைத் தரும்போது இருதயராசா அண்ணை
விலை சொல்லவில்லை.
"தாட்டு வைச்சு எடுத்தது, பாத்துப் பிடி" என்றார்,
இன்னும் ஈரம் காயாததுபோல.

அம்பிளிபயர், தையல் மெசின் தலை, இது,
மூன்றையும் யூரியாப் பையில் சுற்றி
ஒரே கிடங்கில்தான் வைத்தாராம்.
திரும்பி வந்து கிண்டினால்
அம்பிளிபயர் இல்லை. தலை இல்லை.
இரும்பு பொறுக்க வந்தவர்கள்
மைக்கைத் தூக்கிப் பார்த்து
நிறை காணாதென்று விட்டிருப்பார்கள்.

என் பெட்டி கொழும்பில் வாங்கிய பழசு.
முகத்தில் எட்டுத் துளை.
மைக்கின் வாலில் இரண்டு வயரும் ஒரு பின்னலும்.
எட்டுக்கும் மூன்றுக்கும் எப்படிச் சம்பந்தம் பேசுவது?
வரைபடம் கிடையாது.
மல்ரிமீற்றரின் சிவப்பு ஊசியால்
துளை துளையாய்த் தொட்டு விசாரித்தேன்.
ஒன்று பேசவில்லை.
ஒன்று எர்த், அதாவது மண்.
ஒன்றில் எட்டு வோல்ற் காத்திருந்தது.
இந்தக் காலத்து மைக்குகளுக்கு ஊட்டிவிட வேணும்;
இது ஊட்டாமலே பேசி வளர்ந்தது,
அந்த எட்டும் ஏறினால்
சுருள் ஒரு பக்கம் இழுபட்டுக் குரல் கோணும்.
குறுக்கே ஒரு கப்பாசிற்றர் வைத்தேன்.
பேச்சை விடும், மின்னை மறிக்கும்,
நல்ல படலைக்காரன்.

அழுத்திப் பேச
நூற்று எண்பது ரூபாய்க்கு ஓர் அழைப்புமணிப் பொத்தான்,
மணியின் படம் போட்டது.
இரைச்சலுக்கு, செத்த கொம்பியூட்டர் வயரின் கறுப்பு வளையம்.
பற்றரி, கோணேசலிங்கத்தாரின் உழவு மெசினுடையது.
பத்து மணி வரைக்கும்தான்.

பாலையில் இருந்து தண்ணித் தாங்கி வரை ஏரியல் கம்பி.
போன மாதம் மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்து
அதை அண்ணாந்து பார்த்தார்கள்.
லைசன்சைக் காட்டினேன்.
ஒருவர் வாசித்தார். மற்றவர்
அதைப் படமெடுத்தார், என்னை எடுத்தார்,
கொடியில் காய்ந்த என் சட்டையையும் எடுத்தார்.

இன்றைக்கு ஒன்பதரைக்கு
மணியை அழுத்திக் கூப்பிட்டேன்.
மூன்றாம் தரம், கடலுக்கு அந்தப் பக்கம்,
குலசேகரத்தில் இருந்து ஜெபமணி என்று ஒருவர்.
ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறாராம்.
"அஞ்சுக்கு ஏழு வர்றீங்க மேடம்.
ஆனா ஆடியோ, தப்பா நினைக்காதீங்க,
மண்ணுக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

திரும்பப் பொத்தானில் விரல் வைக்க
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.
"நில்லுங்கோ" என்றேன்.

வலையைத் திருகிக் கழற்றினால்
பஞ்சு இருந்த இடத்தில் மண்,
பழைய தேயிலைத் தூள்போல் கறுத்து இறுகி.
பற்பிரசால் தட்டத் தட்டச்
சோசரில் ஒரு கரண்டி விழுந்தது.
பள்ளிக்கூட வளவில் இதில் கடைசியாய்ச் சொன்னது
தண்ணி பவுசர் வந்திட்டுது,
வரிசையில வாங்கோ, என்றுதானாம்.
அண்ணை அதற்கு மேல் சொன்னதில்லை.
நான் கேட்டதுமில்லை.

மூடினேன். அழுத்தினேன்.
"இப்ப?"
"இப்ப பரவாயில்ல, பக்கத்து ரூம்ல இருக்கீங்க.
ஊர் எது மேடம்? எழுத்தெழுத்தா சொல்லுங்க."

எம், மைக்.
சிரிப்பு வந்தது, அடக்கினேன்.
ஏ, அல்ஃபா.
எல், லீமா. இன்னொரு லீமா.
படலையடியில் கோணேசலிங்கத்தார் செருமினார்.
ஏ, அல்ஃபா.
வீ, விக்டர்.
அவர் உள்ளே வந்து
சிவப்புக் கிளிப்பைக் கழற்றினார்.
பெட்டியின் மஞ்சள் முகம் அணைந்தது.

"ஒரு எழுத்துத்தான் மிச்சம், அண்ணை."

"அதைப் பின்னேரம் சொல்லும் தங்கச்சி,
வயல் காயுது" என்று
பற்றரியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

மிச்சம் இருந்தது ஐ, இந்தியா.
செத்த பொத்தானை ஒருக்கா அழுத்தி
அதையும் சொல்லிவைத்தேன்.
குலசேகரத்தில் ஒரு கொப்பியில்
மல்லாவ் என்று ஓர் ஊர்
இப்போது பேனையின் கீழே நிற்கும்.
சோசரை இன்னும் கழுவவில்லை.