தலைக்குந்தா, காலை ஆறரை

உறைபனி விழுந்த புல்.
வெயில் வந்தால் தீர்ந்தது.

ஜோகி என் இடுப்புப் பட்டையில்
ஆணியால் இன்னொரு துளை போடுகிறான்.
பழைய ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பர்,
அதன்மேல் மினிபஸ் சீட்,
அடியில் ஒற்றைச் சறுக்குப்பலகை.
"இடப்பக்கம் சாயுதா?"
சாய்வது நான்தான். முதுகெலும்பு அப்படி.
என்னை நிமிர்த்தப் பார்க்காமல்
சீட்டுக்கு அடியில் ஒரு வாஷர் சேர்க்கிறான்.

நேற்று மூன்று தரம் கவிழ்ந்தேன்.
கேரட் தோட்டத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள்.
தூக்காதீங்க என்றேன்.
குட்டைக் கம்புகளை ஊன்றி
நானே எழ
பதினொரு நிமிஷம். அவர்கள் நின்று பார்த்தார்கள்.

குளிர் எனக்குத் தொடைவரை தெரியாது.
பல்லில் தெரிகிறது, காதில்.

மேட்டின் உச்சியிலிருந்து
வெள்ளையைக் கரைத்தபடி இறங்குகிறது வெயில்.
அதற்கு முன்னால் போகணும்.

கையை எடு, ஜோகி.