ஐம்பது மில்லி

துருவை நக்குகிறாள்.
மாடிப்படிக் கைப்பிடியில் கடற்காற்று
உரித்துப்போட்ட செம்பழுப்பை,
மணிக்கணக்காக.

வால்பராய்சோ துறைமுகத்தில்
நான் கிரேன் பழுதுபார்த்த நாளில்
நட்டுப் பெட்டிக்குள் தூங்கிக் கிடந்த குட்டி.
அதனால் துவெர்கா. எங்கள் பேச்சில் நட்டு.
பதினேழு வயதில்தான்
பெயருக்கேற்ற பசி வந்திருக்கிறது.

"உடம்பு இரும்பு கேட்கிறது" என்றார் டாக்டர் ஒயார்சுன்.
உதட்டைத் தூக்கிக் காட்டினார்.
ஈறா அது, சிப்பியின் உட்புறம்.
சிறுநீரகம் ஓய்ந்துவிட்டால்
இரத்தம் காய்ச்சு என்கிற சேதி
எலும்புக்குப் போய்ச் சேராதாம்.
நூற்றுக்கு முப்பதாவது இருக்கவேண்டிய இடத்தில்
பதின்மூன்று.
தலையாட்டினேன். எண்ணெய் பார்க்கும் கம்பியில்
கோட்டுக்குக் கீழே ஈரம் நின்றால்
எனக்கா புரியாது.

வேறொரு பூனையின் இரத்தம் வேண்டும்.
எங்கள் குன்றில் ஏழு கிலோப் பூனை ஒன்றுதான்:
நெலிதாவின் பந்திதோ.
நெலிதாவோடு பேசி ஆறு வருஷம்.
தண்ணீர்க் குழாய் விவகாரம். தப்பு என் பக்கம்,
கொஞ்சம்.

கதவைத் தட்டினேன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
முழுதும் கேட்டுவிட்டு "எவ்வளவு?" என்றாள்.
பணமென்று நினைத்துப் பையைத் தொட்டேன்.
"மில்லி, மனுஷா. எத்தனை மில்லி?"

ஐம்பது.
கொள்ளைக்காரன் என்றே பெயர் வாங்கியவன்,
ஊர் மீனையெல்லாம் திருடிக் கொழுத்தவன்,
அரைமயக்கத்தில் கழுத்தை நீட்டி
வாழ்நாளில் முதன்முறை கொடுத்தான்.
சொட்டுச் சொட்டாய் இறங்கியது.
மூன்றாம் மணிநேரத்தில் துவெர்கா
ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

அன்றிலிருந்து காலைதோறும் படியில் நின்று
நெலிதா கேட்பாள்:
"எங்கள் வீட்டு இரத்தம் எப்படி இருக்கிறது?"
இருபத்திரண்டு என்பேன்.
மத்தி மீன் அரை வால் தின்றாள் என்பேன்.
செவ்வாய்க்கிழமை ஊசிக்கு
பிடரியைத் தூக்கிப் பிடிப்பது அவள்தான்.
என் விரல்கள் பெரிய மரைகளுக்குப் பழகியவை,
இந்தத் தோலோ
நனைந்த காகிதம்.

இந்த வாரம் பதினெட்டு.
கடன்வாங்கிய இரத்தம் சில வாரம்தான் நிற்கும் என்று
டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.
நெலிதாவிடம் இன்னும் சொல்லவில்லை.
இன்று படியில் அவள் கேட்கவுமில்லை,
பந்திதோவின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள்,
மழித்த இடத்தில் முடி முளைத்துவிட்டது.

கைப்பிடிக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி
நகராட்சித் தாள் வந்து கிடக்கிறது.
டப்பா வாங்கிவிட்டேன். பச்சை.
திறக்கவில்லை.
துவெர்கா எழுந்து, நின்று, மூச்சு வாங்கி
மறுபடி கைப்பிடிக்குப் போகிறாள்.