பொக்கை

மைனஸ் முப்பத்திரண்டில்
ஆட்டுத்தொடை கல்லாகிவிடும்.
இரும்புக்கும் அன்று கண்ணாடிக் குணம்.
சொன்னேன், கொம்போசுரென் கேட்கவில்லை.
ஓங்கி ஓங்கிப் போட்டான்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி,
என் முழங்கை நீளம்.
சாயங்காலம் கழுவும்போதுதான் பார்த்தேன்,
அதன் வாயில் ஒரு பொக்கை,
அரை அரிசி அளவுக்கு.

அவன் கவலை கத்தி.
என் கவலை அந்த அரை அரிசி.

வெள்ளை மாதப் பண்டிகைக்கு நான்கே நாள்.
பால்கனியில் தட்டுத் தட்டாக அறுநூறு பூஸ்
உறைந்து கிடக்கின்றன.
கொத்துக்கறியை மாவில் பொதிந்து
உச்சியில் கொசுவம் வைத்து மடித்தவை.
எந்தத் தட்டு வரைக்கும் கத்தி முழுசாக இருந்தது?
யாருக்குத் தெரியும்.

அவன் அரத்தை எடுத்தான், பிறகு சாணைக்கல்லை.
பள்ளத்தை மட்டும் தேய்த்தால் ஆகாதாம்.
அதன் ஆழம் வரைக்கும்
மொத்த வாயும் இறங்கி வர வேண்டுமாம்.
ஒரு தப்பும் செய்யாத பதினான்கு அங்குலம்
ஓர் ஓட்டைக்காகத் தேய்ந்துகொண்டிருந்தது.
எங்கள் கல்யாணத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை.
கல்லில் தண்ணீர் விட்டேன்.

நான் பழைய ஸ்பீக்கரைப் பிரித்தேன்.
அதன் காந்தத்தை ஒவ்வொரு பூஸின் மேலும் வைத்து எடுத்தேன்,
டாக்டர் நெஞ்சில் குழல் வைப்பதுபோல.
மகள் எங்க்தூல் செல்போன் விளக்கைப் பிடித்தாள்,
கொட்டாவியோடு.
இருநூற்றுப் பதினேழாவது ஒட்டிக்கொண்டது!
உடைத்துப் பிசைந்து தேடினோம்.
கறி, வெங்காயம், கொழுப்பு.
ஒட்டியது இரும்பு அல்ல,
என் மூச்சு பட்டு உறைந்த பனி.

விடியும்போது அவன்
முன்னங்கை மயிரை மழித்துக் காட்டினான்.
கத்தி கொஞ்சம் ஒடுங்கியிருந்தது,
ஜுரத்தில் கிடந்து எழுந்தவன் மாதிரி.
வாய் மட்டும் புதுசு.

பண்டிகையன்று எல்லாரும்
முகத்தைப் பார்த்து நலம் விசாரித்தார்கள்.
நான் தாடைகளைப் பார்த்தேன்.
மூன்றாவது தட்டில், மைத்துனன் சோரிக்த்
கடக்.
மெல்லுவதை நிறுத்தினான்.
வாய்க்குள் விரல் விட்டு எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தான்.

எலும்பு.

எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது நான்தான்,
அங்கே சிரிக்க ஒன்றுமே இல்லாதபோது.
மேஜைக்கடியில் கொம்போசுரென்
என் காலை மிதித்தான்.

இன்னும் நூற்றெண்பது மிச்சம் இருக்கின்றன.
நீங்கள்தான் இன்னும் வரவில்லை.
வாருங்கள், சூடாக அவித்துத் தருகிறேன்.
நிதானமாகக் கடியுங்கள்.
எங்கள் வீட்டு வழக்கம் அப்படி.