ஏழாம் பக்கம்

"அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்கிறார்
பில்டர் செங்கோடன்.
பேனா என் கையில்.
பூஜைக்கு வாங்கிய எலுமிச்சை
பையில் வதங்குகிறது.

சதுர அடிக்கு இரண்டாயிரத்து நூறு.
கம்பி எந்தக் கம்பெனி என்பதற்கு
"தரமானது" என்று மட்டும் இருக்கிறது.
சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு
மூன்றும் அடங்காதாம்;
ஏழாம் பக்கத்தின் அடியில்,
எறும்பு எழுத்தில்.
பதினாறு வருடக் கொலுசுப் பட்டறைக் கூலி
இதற்குள் அடங்க வேண்டும்.

அங்கேயே இன்னொரு வரி:
தோண்டுகையில் பாறை வந்தால்
உடைக்கும் கூலி உரிமையாளர் பொறுப்பு.

நிமிர்ந்தேன்.
கன்னங்குறிச்சியில் எங்கே நின்றாலும்
எதிரே ஏற்காட்டு மலை.
என் முப்பதுக்கு நாற்பது
அதன் கால்விரல்.

"பாறையெல்லாம் வராதுங்க, நம்புங்க."
"சரி, அப்ப
அந்த வரிய அடிச்சிருங்க."

முதல்முறையாக அவரும்
மலையைப் பார்த்தார்.