ஏலம் இன்றிரவு பன்னிரண்டு வரை

கப்பல்காரன் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான்.
அன்புள்ள விருந்தினரே,
உங்கள் உள்ளறையைப் பால்கனி அறையாக மாற்ற
நீங்களே ஒரு விலை சொல்லலாம்.
கீழே ஒரு கோடு. கோட்டில் ஒரு பொட்டு.
இடப்பக்கம் இழுத்தால் சிவப்பு, வாய்ப்பு குறைவு.
வலப்பக்கம் போகப் போகப் பச்சை.
ஆளுக்கு முந்நூற்றிருபது வெள்ளியில் தொடங்கி
ஆயிரத்து நூறில் முடிகிறது.
முடிகிற இடத்தில்
கடல் இருக்கிறதாம்.

ஊத்தான் மெலிந்தாங் ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
குலை இறக்கி வெறும் வண்டி மறுபடி ஏறும்.
கழித்தால் மிச்சம்தான் செம்பனை.
பத்தொன்பது வருடமாய்
எதையும் கழித்துப் பார்த்தே பழக்கம்.

கழித்தேன்.
மூன்று இரவுப் பயணம்.
தூங்குகிற நேரம் போக,
இறங்கி ஏறுகிற நேரம் போக,
காசு கட்டியாயிற்றே என்று இவர்
சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை நிற்கப்போகும்
நாலு வேளையும் போக,
பால்கனிக்கு மிச்சம் ஐந்தரை மணி நேரம்.
பச்சையின் கடைசிவரை போனால்
இரண்டு பேருக்கும் சேர்த்து
மணிக்கு நானூறு வெள்ளி,
நாற்காலியில் சும்மா உட்கார.
மழை வந்தால் அதுவும் இல்லை.

தபாலாபீஸ் புஷ்பவல்லி போன வருடம் போய்வந்தவள்.
"உள்ளறைன்னா குழிக்குள்ள படுத்த மாதிரிக்கா,
விளக்கை அணைச்சா
கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கா தெரியாது.
ஆனா தூக்கம் நல்லா வரும்."
அவள் எந்தக் கட்சி என்று இன்னும் விளங்கவில்லை.
ஜோகூரிலிருந்து மகன் சொன்னான்:
"மேல் தளத்துக்கு ஏறுங்கம்மா,
அதே கடல், ஓசி."

இவரைக் கேட்டேன்.
கொப்பி ஓவை ஆற்றிக்கொண்டே பாலகுரு சொன்னார்:
"ஜன்னல் எதுக்கு? எனக்குப் பழக்கம்தானே."

பொய்யில்லை.
இருபத்தாறு வருடம் பாய்லர் அறை.
வெளியே மழையா வெயிலா என்பதை
உள்ளே வருகிறவனின் சட்டையைப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்வார்.
கடல் இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை.
மோட்டார் சைக்கிளில் மீன் வாங்கப் போவோம்.
மீனைப் பார்ப்போம், விலையைப் பார்ப்போம்,
திரும்பிவிடுவோம்.

பணம் கூட்டுப் பணம்.
பதினாறு மாதம் கட்டிப் பதினேழாம் மாதம் எடுத்தது.
அதில் பாதி டிக்கெட்டுக்கு.
மீதி சமையலறைக் கூரைக்கு என்று
கூரைக்காரனிடம் வாய்விட்டாயிற்று.
அந்த இடத்தில் வாளி வைத்துப் பழகியும் ஆயிற்று.

இரவு பதினொன்று நாற்பது.
கட்டிலில் ஜன்னலோரம் இவர்.
கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பக்கம்
எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.
கொசு வந்தாலும் மூடவிடமாட்டார்.
ஆலைப் புகை நாறினாலும் மூடவிடமாட்டார்.
சாரல் அடித்துத் தலையணை நனைந்த இரவுகளில்
தலையணையைத்தான் திருப்பிப் போட்டிருக்கிறாரே தவிர
கண்ணாடியைத் தொட்டதில்லை.
பழக்கமாம்.
எத்தனை டன் வண்டியைத் தினம் நிறுத்துகிறேன்,
இந்த ஒரு வார்த்தையை
நிறுத்துப் பார்க்கவே இல்லை பாருங்கள்.

பொட்டைத் தொட்டு இழுத்தேன்.
நானூறு. இன்னும் சிவப்புதான்.
ஐந்நூற்று எண்பதில் மஞ்சளானது.
அதற்கு மேல் கை போகவில்லை,
கை என்னுடையதுதானே.
பெருவிரலால் அழுத்தினேன்.

உடனே பதில் வந்தது.
கிடைத்தால் இரண்டு நாள் முன்பு தெரிவிப்போம்,
கிடைக்காவிட்டால் பணம் எடுக்கமாட்டோம்.
எது நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது?
தெரியாமல் போனை மூடிவைத்தேன்.

காலை ஏழு மணிக்கு
முதல் லாரி வருவதற்கு முன்னால்
கூரைக்காரனைக் கூப்பிட்டு
தீபாவளி கழியட்டும், பார்க்கலாம் என்று மட்டும்
சொல்லிவைத்தேன்.